கொலைட்டிஸ் இருக்கும்போது குழந்தைக்குத் திட்டமிடுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எனக்கு அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் வந்து 13 வருடம் ஆகிறது. தண்டையார்பேட்டையில் இருக்கிறேன், இரண்டு பிள்ளைகள். தெருவில் ஒருத்தி கேட்டாள், அப்புறம் அவள் தங்கை, அப்புறம் வண்ணாரப்பேட்டையில் இருந்து யாரோ ஒருவரின் மருமகள். எல்லாரும் கேட்பது கிட்டத்தட்ட ஒரே சந்தேகங்கள்தான். அதனால் அவர்கள் கேட்டபடியே இங்கே எழுதி வைத்திருக்கிறேன். நான் டாக்டர் இல்லை. என் டாக்டர்கள் சொல்லிக் கொடுத்தது, படித்துத் தெரிந்துகொண்டது, அனுபவித்தது இவ்வளவுதான். மருந்தின் அளவை உங்கள் டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும்.

"முதல்ல அல்சர்னாங்க, அப்புறம் மூலம்னாங்க, இப்ப கொலைட்டிஸ்ங்கறாங்க. இது என்னதான்கா?"

அல்சர் என்று நாம் பொதுவாகச் சொல்வது இரைப்பையில் வரும் புண். நேரத்துக்குச் சாப்பிடாததால் வருகிறது என்று பேசிக்கொள்வோமே, அது. மூலம் என்பது ஆசனவாயில் ரத்தக்குழாய் வீங்குவது. கொலைட்டிஸ் இரண்டும் இல்லை. உடம்பின் எதிர்ப்புச் சக்தியே பெருங்குடலின் உள்தோலைத் தாக்கிப் புண்ணாக்கும் நோய் இது. ஆசனவாய்க்கு மேலே மலக்குடலில் தொடங்கி மேல்நோக்கிப் போகும். ரத்தமும் சளியும் கலந்து போவது, அடக்க முடியாத அவசரம், வயிற்றை முறுக்குவது, சோர்வு எல்லாம் அதனால்தான்.

ரத்தம் என்றதும் மூலம் என்று முடிவு கட்டி, "மூலம், பௌத்திரம்" போர்டு போட்ட இடங்களில் மாதக்கணக்கில் களிம்பு தடவிக்கொண்டிருந்தவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். கொலோனோஸ்கோபி செய்து, சதைத் துணுக்கு எடுத்துப் பரிசோதித்தால்தான் உறுதியாகத் தெரியும். குழந்தைக்குத் திட்டமிடும் முன் அந்த ரிப்போர்ட் உங்கள் கையில் இருக்க வேண்டும்.

"இந்த நோய் இருந்தா குழந்தை தங்குமா? மாமியார் வீட்ல இதையே கேட்டுக்கிட்டு இருக்காங்க."

தங்கும். நோய் அடங்கியிருக்கும் பெண்ணுக்குக் கருத்தரிக்கும் வாய்ப்பு மற்ற பெண்களுக்கு இருப்பது போலத்தான். நோய் சீறிக்கொண்டிருக்கும்போது அது குறையலாம். பெருங்குடலை ஆபரேஷனில் எடுத்து, சிறுகுடலாலேயே உள்ளே பை செய்து வைத்த பெண்களுக்கும் குறைகிறது, அதைக் கடைசிப் பக்கம் சொல்கிறேன்.

இன்னொன்றும் பார்க்கிறேன். பயத்தில் பலர் திட்டத்தையே தள்ளிப் போடுகிறார்கள். வருடங்கள் ஓடி, 35 தாண்டியபின் "கொலைட்டிஸால் குழந்தை இல்லை" என்கிறார்கள். அது பெரும்பாலும் நோய் செய்த வேலை இல்லை, வயது செய்த வேலை.

"அப்ப எப்ப முயற்சி பண்ணலாம்?"

நோய் அடங்கி, ஸ்டீராய்டு இல்லாமல், குறைந்தது 3 மாதம், முடிந்தால் 6 மாதம் நிம்மதியாக இருந்த பிறகு. இந்த ஒரு விஷயத்தை மட்டும் பிடிவாதமாகச் சொல்வேன். அடங்கிய நிலையில் கருத்தரித்தால் பெரும்பாலானவர்களுக்குக் கர்ப்பம் முழுக்க அமைதியாகவே போகிறது. நோய் கிளம்பியிருக்கும்போது கருத்தரித்தால், மூன்றில் ஒருவருக்குக் குறைகிறது, ஒருவருக்கு அப்படியே நீடிக்கிறது, ஒருவருக்கு மோசமாகிறது என்று டாக்டர்கள் கணக்குச் சொல்வார்கள். அதாவது மூன்றில் இரண்டு பேருக்குக் கர்ப்பம் முழுக்கத் தொல்லை.

"எனக்கு நல்லாத்தான் இருக்கு" என்பது மட்டும் போதாது. மலத்தில் கால்புரோடெக்டின் என்று ஒரு டெஸ்ட் உண்டு. குடலில் அழற்சி இருக்கிறதா என்று அது காட்டும். தேவைப்பட்டால் கொலோனோஸ்கோபியும் பார்ப்பார்கள். ஹீமோகுளோபின், இரும்புச் சத்து, பி12, வைட்டமின் டி எல்லாம் அப்போதே பார்த்துக் குறையைச் சரிசெய்துகொள்ளுங்கள். ருபெல்லா தடுப்பூசி போடாதவர்கள் அதையும் கேளுங்கள். அது உயிருள்ள கிருமி ஊசி. கர்ப்பத்திலும், எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்து எடுக்கும்போதும் போட முடியாது.

என் வழக்கம் ஒன்று: சமையலறையில் தொங்கும் தினசரி காலண்டரில், அன்றைக்கு எத்தனை தடவை போனேன் என்று பென்சிலால் கோடு போடுவேன். ரத்தம் இருந்தால் கோட்டின் மேல் ஒரு புள்ளி. தாள்களைக் கிழித்துப் போடாமல் கிளிப் போட்டு டாக்டரிடம் கொண்டுபோவேன். "பரவாயில்லை டாக்டர்" என்று வாயால் சொல்வதைவிட அந்தத் தாள்கள் நிறையச் சொல்லும்.

"மாசமானது தெரிஞ்சதும் மாத்திரையை நிறுத்திடணும்தானே? பாப்பாவுக்கு ஆகாதே."

இல்லை. இதை மட்டும் நானாகச் செய்து பட்டேன், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

முதல் பிள்ளை உண்டானபோது எனக்கு நோய் அடங்கி ஒரு வருடம் ஆகியிருந்தது. அட்டையில் இரண்டு கோடு வந்த அன்றே பக்கத்தில் ஒரு கிளினிக்குக்குப் போனேன். மாத்திரை அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "மூணு மாசத்துக்கு எதுவும் வேண்டாம்" என்றார்கள். குடல் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை நான். பிள்ளைக்கு நல்லது செய்கிறேன் என்றுதான் நினைத்தேன். ஐந்தாவது வாரம் வயிறு இரையத் தொடங்கியது. பதினோராவது வாரம் ரத்தம். காலண்டரில் ஒரே நாளில் 14 கோடு. சேர்த்து 18 நாள் ஆஸ்பத்திரியில் இருந்தேன், ஸ்டீராய்டு ஏற்றினார்கள். பையன் 35ஆவது வாரத்தில் பிறந்தான், 1 கிலோ 900 கிராம். இப்போது நாலாம் வகுப்பு படிக்கிறான், நன்றாக இருக்கிறான். ஆனால் கண்ணாடிப் பெட்டிக்குள் அவனைப் பார்த்துக்கொண்டு நின்ற அந்த நாட்களை வேறு யாருக்கும் கொடுக்க மாட்டேன்.

குழந்தைக்கு ஆபத்து முக்கியமாக வருவது கிளம்பிய நோயால். கருச்சிதைவு, குறைமாதம், எடைக்குறைவு மூன்றும் அப்போதுதான் கூடுகின்றன. அமெரிக்காவில் பல வருடம், ஏறத்தாழ 1,500 கர்ப்பங்களைப் பின்தொடர்ந்து பார்த்த ஆய்வு 2021இல் வெளியானது. எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்துகளான அசாதயோபிரின், பயாலஜிக் ஊசிகள் எடுத்த தாய்மார்களின் குழந்தைகளுக்குப் பிறவிக் குறைபாடு கூடவில்லை. நோய் தீவிரமாக இருந்தவர்களுக்குத்தான் கருச்சிதைவும் குறைப்பிரசவமும் கூடின. இரண்டாவது பிள்ளைக்கு ஒரு மாத்திரைகூட நிறுத்தவில்லை நான். 38 வாரம், 2 கிலோ 800.

"சரி, எந்த மருந்து பரவாயில்ல, எது கூடவே கூடாது?"

குடல் அழற்சியைத் தணிக்கும் மெசலமைன் கர்ப்பம் முழுக்கத் தொடரலாம். மாத்திரை, பின்வழியாக வைப்பது, எனிமா எல்லாமே. எனிமாவுக்குப் பயப்படுகிறவர்கள் நிறைய. இரவு படுக்கும்முன் பாய் மேல் பழைய துண்டு ஒன்றை விரித்து, இடப்பக்கம் ஒருக்களித்து, வலது காலை மடக்கிப் படுத்தால் மருந்து உள்ளே தங்கும். வயிறு பெரிதான பிறகும் அப்படித்தான் எடுத்தேன்.

சல்ஃபசலசைனும் தொடரலாம், ஆனால் அது ஃபோலிக் ஆசிட் உடம்பில் சேர்வதைக் குறைக்கும். எல்லாப் பெண்களும் கருத்தரிக்கும் முன்பிருந்தே தினம் 400 மைக்ரோகிராம் ஃபோலிக் ஆசிட் எடுக்க வேண்டும் என்றால், இந்த மருந்து எடுப்பவர்களுக்கு அதைவிடக் கூடுதலாக, பெரும்பாலும் 5 மி.கி. மாத்திரையாக, எழுதுவார்கள். அசாதயோபிரினில் நோய் அடங்கியிருந்தால் தொடர்வார்கள். கர்ப்பத்தில் புதிதாகத் தொடங்க மாட்டார்கள். இன்ஃபிளிக்சிமாப், அடலிமுமாப், வெடோலிசுமாப் என்ற பயாலஜிக் ஊசிகளையும் தொடர்கிறார்கள், அதில் குழந்தையின் தடுப்பூசி சம்பந்தமாக ஒரு முக்கியமான விஷயம் இருக்கிறது, கீழே பாருங்கள்.

கூடவே கூடாதது மெத்தோட்ரெக்சேட். குழந்தையின் உறுப்புகள் உருவாவதையே கெடுக்கும். முயற்சி தொடங்க 3 மாதமாவது முன்பே நிறுத்தியிருக்க வேண்டும், அதுவரை கருத்தடை அவசியம். டோஃபாசிடினிப் மாத்திரையும் கர்ப்பத்துக்கு வேண்டாம் என்கிறார்கள். இப்போது விலை குறைந்து நிறையப் பேருக்கு எழுதுகிறார்கள். கல்யாணமான பெண்கள் இதை எடுத்தால் குழந்தைத் திட்டத்தை டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள், வேறு மருந்துக்கு மாற்றி, அதில் நோய் அடங்கியிருக்கிறதா என்று பார்த்த பிறகே முயற்சி. இந்த மாற்றத்துக்கே சில மாதம் பிடிக்கும்.

தலைவலி, இடுப்பு வலிக்கு மெடிக்கலில் டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன் வாங்கிப் போடாதீர்கள், நோயைக் கிளப்பும். பாராசிட்டமால் போதும். பி.பி. ஏறாமல் இருக்கக் கர்ப்பத்தில் எழுதிக் கொடுக்கும் சின்ன ஆஸ்பிரின் மாத்திரை வேறு கணக்கு, டாக்டர் எழுதியிருந்தால் சாப்பிடலாம்.

"நோய் எனக்கு இல்ல, என் வீட்டுக்காரருக்கு. அவர் எதாவது மாத்தணுமா?"

அவர் சல்ஃபசலசைன் எடுக்கிறாரா என்று பாருங்கள். அது விந்தணுக்களின் எண்ணிக்கையையும் வேகத்தையும் குறைக்கும். மெசலமைனுக்கு மாற்றினால் இரண்டு மூன்று மாதத்தில் சரியாகிவிடும். மற்ற மருந்துகளை அவரும் டாக்டரைக் கேட்காமல் நிறுத்த வேண்டாம்.

"என்ன சாப்பிடணும்? பத்தியம் இருக்கணுமா?"

நோயை வரவழைக்கும் உணவும் இல்லை, குணமாக்கும் உணவும் இல்லை. உங்கள் வயிற்றுக்கு எது ஆகாது என்று உங்களுக்கே தெரியும். எனக்குப் பச்சை மிளகாய் தூக்கலான சட்னியும் ரோட்டோர அத்தோவும் ஆகாது, இட்லி, ரசம் சாதம், மோர், சங்கரா மீன் குழம்பு எல்லாம் ஒத்துக்கொள்ளும். கர்ப்பத்தில் பத்தியம் என்று கஞ்சியோடு நிறுத்திக்கொண்டால் எடை ஏறாது. நோய் அடங்கியிருக்கும்போது கீரை, பருப்பு, முட்டை, மீன் எல்லாம் தாராளமாகச் சாப்பிடுங்கள். தண்ணீரைக் காய்ச்சிக் குடியுங்கள். லாரித் தண்ணீர் பிடிக்கும் தெருக்களில் இது ரொம்ப முக்கியம். சாதாரண வயிற்றுப்போக்குகூட நமக்கு நோயைக் கிளப்பிவிடலாம்.

இரும்பு மாத்திரை சாப்பிட்டால் மலம் கறுப்பாகப் போகும். பயப்பட வேண்டாம், அது மாத்திரையின் நிறம். வயிற்றைப் புரட்டினால் தூக்கிப் போடாமல் டாக்டரிடம் சொல்லுங்கள், நான்காம் மாதத்திலிருந்து டிரிப்ஸ் வழியாக இரும்பு ஏற்றலாம். நாட்டு மருந்துப் பொடிகள் மட்டும் வேண்டவே வேண்டாம். அதில் என்ன கலந்திருக்கிறது என்று கொடுப்பவருக்கே பல நேரம் தெரியாது.

"அஞ்சாம் மாசம். ரெண்டு நாளா ரத்தம் போகுது. மூலமா இருக்குமோ?"

இருக்கலாம், கர்ப்பத்தில் மூலம் சகஜம். ஆனால் நமக்கு அது நீங்கள் முடிவு செய்யும் விஷயம் இல்லை. முதலில் ரத்தம் எந்த வழியாக வருகிறது என்று துணி வைத்துப் பாருங்கள். பிறப்புறுப்பு வழியாக என்றால் அந்த நிமிடமே பிரசவ ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப வேண்டும். மலத்தோடு கலந்து, சளியோடு, அவசரத்தோடு வந்தால் நோய் கிளம்புகிறது என்று எடுத்துக்கொண்டு மறுநாளே குடல் டாக்டரைப் பாருங்கள். அடுத்த செக்கப் வரை காத்திருக்க வேண்டாம். காய்ச்சல், ராத்திரியில் எழுந்து ஓடுவது, தலைசுற்றல் இருந்தால் அன்றே.

அழற்சியைக் காட்டும் ஈ.எஸ்.ஆர். என்ற ரத்தப் பரிசோதனை அளவு கர்ப்பத்தில் தானாகவே ஏறும், ஹீமோகுளோபின் தானாகவே இறங்கும். அதனால் அவற்றை வைத்து மட்டும் சொல்ல முடியாது. முன்பு சொன்ன கால்புரோடெக்டின் இங்கே கைகொடுக்கும். கிருமித் தொற்று இருக்கிறதா என்றும் மலத்தைப் பரிசோதிப்பார்கள். அவசியம் என்றால் மயக்க மருந்து இல்லாமல் சின்னக் குழாய் விட்டு, கடைசிப் பகுதியை மட்டும் பார்ப்பார்கள், குழந்தைக்கு அதனால் பாதிப்பில்லை. ஸ்டீராய்டு தேவைப்பட்டால் கொடுப்பார்கள், சர்க்கரையை மட்டும் அடிக்கடி பார்த்துக்கொள்ள வேண்டும். ஆஸ்பத்திரியில் சேர்த்துச் சிகிச்சை கொடுத்தால் காலில் ரத்தம் உறையாமல் இருக்க ஹெப்பாரின் ஊசியும் போடுவார்கள். ஏன் இந்த ஊசி என்று பயப்படாதீர்கள்.

"எங்க பார்க்கறது? குடல் டாக்டரா, பிரசவ டாக்டரா?"

இரண்டு பேரும். வடசென்னையில் நமக்கு ஒரு வசதி, ஸ்டான்லியும் ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். பிரசவ ஆஸ்பத்திரியும் ஒரே மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்தவை, பக்கத்தில் பக்கத்தில் இருப்பவை. தனியாரில் பார்த்தாலும் சரி, இரண்டு டாக்டர்களும் ஒருவர் எழுதியதை மற்றவர் படிக்கும்படி ஒரே ஃபைல் வைத்துக்கொள்ளுங்கள். முதல் தாளில் நோயின் பெயர், எடுக்கும் மருந்து, கடைசியாக ஊசி போட்ட தேதி, குடல் டாக்டரின் நம்பர். பகுதி நர்ஸிடம் கர்ப்பத்தைப் பதிந்து பிக்மி நம்பர் வாங்கும்போதும் நோயைச் சொல்லுங்கள், மறைக்காதீர்கள்.

போகிற வழியில் அவசரம் வந்தால் என்ன செய்வது என்பதுதான் பலருக்கும் முதல் பயம். நான் பஸ்ஸை விட்டுவிட்டு மெட்ரோவில் போவேன். விம்கோ நகர் வரை 2021இல் நீட்டித்த பிறகு நம் பக்கத்துக்குப் பெரிய உபகாரம் அது, ஸ்டேஷனுக்கு ஸ்டேஷன் டாய்லெட் இருக்கிறது. பையில் ஒரு மாற்றுத் துணி, தண்ணீர் பாட்டில், சோப்பு.

"சிசேரியன்தான் பண்ணுவாங்களாமே?"

கொலைட்டிஸ் மட்டும் இருந்தால் அதற்காக சிசேரியன் தேவையில்லை. இரண்டாவது பிரசவம் எனக்குச் சுகப்பிரசவம். பிரசவக் காரணங்களுக்காகச் செய்தால் அது வேறு. பிரசவம் முடிந்ததும் வலிக்கு டைக்ளோஃபெனாக் ஊசி போடுவது வழக்கம், "எனக்குக் கொலைட்டிஸ்" என்று லேபர் வார்டிலேயே சொல்லிவிடுங்கள்.

"நான் இன்ஃபிளிக்சிமாப் ஊசியில இருக்கேன். பிறந்த உடனே பாப்பாவுக்குத் தடுப்பூசி போடலாமா?"

இந்தக் கேள்வியை யாராவது கேட்டால் எனக்குச் சந்தோஷமாக இருக்கும். ஏனென்றால் பலருக்குக் கேட்கவே தோன்றுவதில்லை. கர்ப்பத்தின் பின்பாதியில் இந்த ஊசி மருந்து தொப்புள்கொடி வழியாகக் குழந்தைக்குப் போகிறது, பிறந்த பிறகும் பல மாதம் அதன் ரத்தத்தில் இருக்கிறது. நம் நாட்டில் பிறந்ததும் போடும் பி.சி.ஜி. என்ற காசநோய்த் தடுப்பூசி உயிருள்ள கிருமியில் செய்தது. எதிர்ப்புச் சக்தி குறைந்த குழந்தைக்கு அதுவே உடம்பு முழுக்கப் பரவலாம். அப்படி ஒரு குழந்தை இறந்தது 2010இல் மருத்துவ இதழில் பதிவாகியிருக்கிறது. அதனால் பி.சி.ஜி.யைக் குறைந்தது 6 மாதம், இன்ஃபிளிக்சிமாப் என்றால் 12 மாதம் வரையும் தள்ளச் சொல்கிறார்கள். போலியோ சொட்டுக்குப் பதில் ஊசி போடலாம். ஆறாவது வாரம் வயிற்றுப்போக்கைத் தடுக்கக் கொடுக்கும் ரோட்டா சொட்டைப் பற்றிக் குழந்தை டாக்டரிடம் முன்பே கேளுங்கள். பிறந்ததும் போடும் மஞ்சள் காமாலை ஊசி உயிருள்ளது அல்ல, அதைத் தாராளமாகப் போடலாம்.

எனக்குத் தெரிந்த ராயபுரத்துப் பெண் ஒருத்தி, ஃபைல் அட்டையின் மேல் சிவப்பு மையில் "குழந்தைக்கு பி.சி.ஜி. வேண்டாம்" என்று எழுதி, கீழே டாக்டரின் கையெழுத்து வாங்கி வைத்திருந்தாள். பிறந்த மறுநாள் காலை நர்ஸ் டிரேயுடன் வந்தபோது அவள் தூக்கத்தில் இருந்தாள். அவள் அம்மாதான் ஃபைலைக் காட்டினார். நர்ஸ் படித்துவிட்டு, காமாலை ஊசியை மட்டும் போட்டுவிட்டுப் போனார். ஆகவே வீட்டில் இன்னொருவருக்கும் இது தெரிந்திருக்க வேண்டும். மெசலமைன் மட்டும் எடுப்பவர்களின் குழந்தைகளுக்கு எல்லாத் தடுப்பூசியும் வழக்கம்போல.

"பால் கொடுக்கலாமா? அம்மா சுறா புட்டும் வெந்தயமும் கொடுக்கறாங்க."

கொடுக்கலாம், கொடுக்க வேண்டும். மெசலமைன், அசாதயோபிரின், மேலே சொன்ன ஊசிகள் எதற்கும் பாலை நிறுத்த வேண்டாம். ஸ்டீராய்டு அதிக அளவில் எடுத்தால் மாத்திரை போட்டு 4 மணி நேரம் கழித்துக் கொடுக்கச் சொல்வார்கள். மெத்தோட்ரெக்சேட், டோஃபாசிடினிப் எடுத்தால் கொடுக்கக் கூடாது.

வெந்தயம் அதிகமானால் நமக்கு வயிற்றைக் கலக்கும், குழம்பில் தாளிக்கிற அளவோடு நிறுத்துங்கள். சுறா விஷயத்தில் காசிமேட்டுப் பக்கத்து அம்மாக்கள் கோபித்துக்கொள்வார்கள், இருந்தாலும் சொல்கிறேன். சுறாவின் சதையில் பாதரசம் சேரும், கர்ப்பிணிகளும் பால் கொடுப்பவர்களும் தவிர்க்க வேண்டிய மீன்களில் அது ஒன்று. நெத்திலி, சங்கரா, மத்தி நல்லது. என் அம்மாவிடம் நெத்திலி புட்டு செய்யச் சொன்னேன். முள் எடுக்க நேரம் ஆகிறது என்று முணுமுணுத்தார், செய்தும் கொடுத்தார்.

இன்னொன்று. பிரசவத்துக்குப் பிறகு நோய் கிளம்பும் பலரைக் கேட்டால், அம்மா வீட்டுக்கு வந்த அவசரத்தில் மாத்திரை விட்டுப்போயிருக்கும். பிள்ளையின் துணிப் பையிலேயே மூன்று மாத மாத்திரையையும் வையுங்கள்.

"என் குழந்தைக்கும் இது வருமா?"

அம்மா அப்பாவில் ஒருவருக்கு மட்டும் இருந்தால், நூறு குழந்தைகளில் சுமார் 2 முதல் 5 பேருக்கு வரலாம். அதாவது நூற்றில் குறைந்தது 95 பேருக்கு இது வராது. இரண்டு பேருக்கும் இருந்தால் வாய்ப்பு நன்றாகவே கூடும்.

"எனக்குப் பெருங்குடலை எடுத்து உள்ளே பை வெச்சிருக்காங்க. இனிமே முடியாதா?"

முடியும், தாமதமாகலாம். அந்த ஆபரேஷனில் இடுப்புக்குள் ஒட்டுதல் உண்டாகி, கருக்குழாய்கள் பாதிக்கப்படலாம். 6 மாதம் முயன்றும் தங்கவில்லை என்றால் காத்திருக்காமல் கருத்தரிப்பு மருத்துவரைப் பாருங்கள், ஐ.வி.எஃப். பலருக்கும் கைகொடுக்கிறது. ஆசனவாய்த் தசையைக் காப்பதற்காக உங்களுக்கு சிசேரியன் நல்லது என்று சொல்லலாம். அதை ஆபரேஷன் செய்த டாக்டரும் பிரசவ டாக்டரும் சேர்ந்து முடிவு செய்ய வேண்டும்.

"மெத்தோட்ரெக்சேட் சாப்பிட்டுக்கிட்டு இருக்கறப்பவே தெரியாம மாசமாயிட்டேன்கா. கலைச்சிடணுமா?"

தன்னிச்சையாக நிறுத்தாதீர்கள் என்று மேலே சொன்னதற்கு இது விதிவிலக்கு. அடுத்த மாத்திரையைப் போடாதீர்கள், அன்றைக்கே இரண்டு டாக்டர்களுக்கும் போன் செய்யுங்கள். ஃபோலிக் ஆசிட் அதிக அளவில் தொடங்குவார்கள். எத்தனையாவது வாரம், கடைசியாக எப்போது, எவ்வளவு எடுத்தீர்கள் என்பதைப் பொறுத்துத்தான் எல்லாமே, அதனால் அந்தத் தேதிகளை எழுதிக்கொண்டு போங்கள். சீக்கிரம் ஒரு ஸ்கேன், பிறகு 20ஆவது வாரத்தையொட்டி உறுப்புகளை விவரமாகப் பார்க்கும் ஸ்கேன். எல்லாருக்கும் கலைக்கத்தான் வேண்டும் என்று இல்லை. மெடிக்கலில் மாத்திரை வாங்கி வீட்டிலேயே கலைக்க முயலாதீர்கள். முடிவு எதுவானாலும் அதை உங்கள் டாக்டரோடு உட்கார்ந்து பேசி எடுங்கள், வீட்டுக்காரரையும் கூட அழைத்துப் போங்கள்.